அம்மா எழுதிக் கொடுத்த விடுதலை

"விடுதலை கொடுக்கிற அம்மா யாருங்க? கொஞ்சம் முன்னாடி வாங்க."

பத்திரம் எழுதுபவர் இப்படிக் கூப்பிட்டதும் பெஞ்சில் உட்கார்ந்திருந்த நான்கு பெண்கள் ஒரே நேரத்தில் எழுந்தார்கள். எழுந்தபின் ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்துவிட்டார்கள். ஒரு பாட்டி, கைத்தடியோடு. ஒரு பெண், இடுப்பில் குழந்தையோடு. இன்னொருவர் பாதி நாள் லீவு சொல்லிவிட்டு வந்தவர் போல, கழுத்தில் அடையாள அட்டை. நான்காவது என் அம்மா.

போன வருடம் ஆவணியில் ஒரு முகூர்த்த நாள். சேலத்தில் ஒரு சார் பதிவாளர் அலுவலகம். நல்ல நாள் என்றால் அங்கே கல்யாண மண்டபத்துக் கூட்டம் இருக்கும். கிரயம், அடமானம், செட்டில்மெண்ட், பாகப்பிரிவினை என்று ஆளுக்கொரு டோக்கனோடு வெளியே புளியமரத்தடி வரைக்கும் நிற்பார்கள். நான் அன்று கவனித்தது ஒன்றுதான். விடுதலைப் பத்திரத்துக்கு எழுதிக் கொடுக்க வந்தவர்கள் அத்தனை பேரும் பெண்கள். எழுதி வாங்க வந்தவர்கள் அவர்களுடைய அண்ணன் தம்பிகள். ஃபைலும் அவர்கள் கையில்தான் இருந்தது, கரும்புச் சாறு வாங்கிக் கொடுத்ததும் அவர்கள்தான்.

தெரியாதவர்களுக்காகச் சொல்லிவிடுகிறேன். குடும்பச் சொத்தில் எனக்குள்ள பங்கை நான் விட்டுவிடுகிறேன், இன்னாருக்கே சேரட்டும் என்று எழுதிக் கொடுப்பதற்குப் பெயர் விடுதலைப் பத்திரம். பள்ளிக்கூடத்தில் 'பெண் விடுதலை' என்ற தலைப்பில் பேச்சுப்போட்டிக்குப் போய் எவர்சில்வர் டம்ளர் பரிசு வாங்கியவள் நான். அதே சொல் பதிவு அலுவலகத்தில் இப்படி ஓர் அர்த்தத்தில் புழங்கும் என்பது முப்பத்து நான்கு வயதில்தான் உறைத்தது. அங்கே விடுதலையாவது பெண் இல்லை. அவளிடமிருந்து வீடு விடுதலையாகிறது.

அம்மாவின் முறை வந்தது. போட்டோ எடுத்தார்கள். கட்டைவிரலைக் கருவியில் வைக்கச் சொன்னார்கள். ரேகை விழவில்லை. சேலைத் தலைப்பில் துடைத்துவிட்டு மறுபடி வைத்தார். விழவில்லை. "அழுத்தாதீங்கம்மா, சும்மா வையுங்க" என்றார் அந்தப் பையன். பெரிய மாமா தண்ணீர் பாட்டிலைத் திறந்து அம்மாவின் விரலை நனைத்துவிட்டார். ஐந்தாவது தடவைதான் கருவி ஏற்றுக்கொண்டது. பத்திரத்தில் உள்ள வீட்டில் ராட்டை சுற்றித் தேய்ந்ததா, கல்யாணத்துக்கு அப்புறம் பாத்திரம் துலக்கித் தேய்ந்ததா என்று எனக்குத் தெரியாது. விரல் தேய்ந்துதான் இருந்தது.

அந்த வீடு அம்மாபேட்டையில் இருக்கிறது. உள்ளே நுழைந்ததும் இடப்பக்கம் குழித்தறி, வலப்பக்கம் ராட்டை, நடுவில் இருக்கிற இடத்தில்தான் சாப்பாடும் தூக்கமும். நெசவாளர் வீட்டில் பிறந்தவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. தறியில் உட்காருகிறவர் ஒருவர், அந்தத் தறி ஓடுவதற்காக வேலை செய்கிறவர்கள் மூன்று பேர். பாவுக்குக் கஞ்சி போட வேண்டும். அறுந்த இழையைப் பிணைக்க வேண்டும். ஊடைநூலை ராட்டையில் வைத்துத் தார், அதாவது சின்ன நூல்கண்டு, சுற்றித் தர வேண்டும். தறியில் குறுக்கே ஓடும் நாடாவுக்குள் தார் தீர்ந்தால் தறி நின்றுவிடும். அம்மா எட்டாவது முடித்ததும் ராட்டைக்கு உட்கார்ந்தார், கல்யாணம் வரைக்கும் ஏழு வருடம். பெரிய மாமா பாலிடெக்னிக் போனார், சின்ன மாமா பி.காம். முதலாளி சேலைக்கு இவ்வளவு கூலி என்று நோட்டில் எழுதுவார், எழுதுவது தாத்தா பெயரில். தார் சுற்றியவளுக்கென்று அந்த நோட்டில் ஒரு வரிகூடக் கிடையாது.

பெண்ணியத்தின் வரலாற்றை எழுதுகிறவர்கள் வழக்கமாக 1848-ல் அமெரிக்காவின் செனெகா ஃபால்ஸில் நடந்த மாநாட்டிலிருந்து ஆரம்பிப்பார்கள். அப்புறம் காலகட்டங்களை முதல் அலை, இரண்டாம் அலை, மூன்றாம் அலை என்று பிரிப்பார்கள். சேலத்தில் கடலே கிடையாது, அதனாலோ என்னவோ அந்த அலைக் கணக்கு எனக்குப் பிடிபட்டதே இல்லை. ஆனால் அந்த 1848 பிரகடனத்தில் ஒரு புகார் உண்டு: பெண்ணின் சொத்துரிமை முழுவதையும் ஆண் பறித்துக்கொண்டான், அவள் சம்பாதிக்கும் கூலியைக்கூட விடவில்லை என்று. அதைப் படித்தபோது முதலாளியின் நோட்டுதான் கண்முன் வந்தது.

நம் பக்கம் வருவோம். 1917-ல் அடையாற்றில் இந்திய மாதர் சங்கம் தொடங்கியது. மார்கரெட் கசின்ஸ், டோரதி ஜினராஜதாசா, அன்னி பெசன்ட் போன்றவர்கள் முன்னால் நின்றார்கள். 1921-ல் சென்னை மாகாணம் பெண்களுக்கு வாக்குரிமை கொடுத்தது, பிரிட்டிஷ் இந்திய மாகாணங்களிலேயே முதலாவதாக. இதைப் பெருமையாகச் சொல்கிறோம், சொல்ல வேண்டியதுதான். ஆனால் அன்றைக்கு ஓட்டுப் போடச் சொத்துத் தகுதி வேண்டும். பெண்ணென்பதால் யாரையும் நீக்க மாட்டோம் என்றார்கள், ஆனால் சொத்து இருந்தால்தான் பட்டியலில் பெயர். சொத்தே வராதபடி பழக்கிவைத்த ஒரு கூட்டத்துக்குச் சொத்துள்ளவர்கள் ஓட்டுப் போடலாம் என்று சொன்னால் எத்தனை பேர் வருவார்கள்? டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி 1927-ல் சட்டமன்றத்துக்குள் போனதும் நியமன உறுப்பினராகத்தான். போனவர் சும்மா இருக்கவில்லை, தேவதாசி முறையைக் கையில் எடுத்தார். அதற்கான முழுச் சட்டம் வர 1947 ஆயிற்று.

எனக்கு நெருக்கமான தேதி 1929 பிப்ரவரி 17, 18. செங்கல்பட்டில் சுயமரியாதை இயக்கத்தின் முதல் மாகாண மாநாடு. ஆணுக்குச் சமமாகப் பெண்ணுக்குச் சொத்துரிமை வேண்டும் என்று தீர்மானம் போட்டார்கள். எந்தத் தொழிலையும் பெண்கள் செய்ய உரிமை வேண்டும் என்றார்கள். ஆரம்பப் பள்ளி ஆசிரியர் வேலைகளுக்குப் பெண்களை வைக்க வேண்டும் என்றும் சொன்னார்கள். நான் தொடக்கப்பள்ளி ஆசிரியை. அந்தத் தீர்மானத்தின் கடைசிப் பாதி எனக்குப் பலித்துவிட்டது, சம்பளம் என் பெயரிலேயே வங்கிக்கு வருகிறது. முதல் பாதிக்குத்தான் அம்மாவோடு பதிவு அலுவலகம் போனேன்.

எங்கள் வீட்டில் ஒரு கருப்புச் சட்டைக்காரர் இருந்தார். தாத்தாவின் தம்பி, எங்களுக்குச் சின்னத் தாத்தா. 1944 ஆகஸ்ட் 27 அன்று சேலம் மாநாட்டில் நீதிக்கட்சி திராவிடர் கழகமானபோது தான் பந்தல் ஓரத்தில் நின்று பார்த்ததாகச் சொல்வார். அப்போது அவருக்குப் பதினான்கு வயது. தன் பெண்கள் இருவருக்கும் ஐயர் இல்லாமல், மாலை மாற்றித்தான் கல்யாணம் செய்துவைத்தார். அதற்குச் சட்ட அங்கீகாரம் கொடுத்த 1967-ம் வருடத் திருத்தத்தைப் பற்றி மணிக்கணக்கில் பேசுவார். நல்ல மனிதர். பெண்களை எதிரே உட்காரவைத்து அவர்களோடு சேர்ந்து சாப்பிட்ட முதல் ஆண் எங்கள் குடும்பத்தில் அவர்தான். ஆனால் இறந்தபோது பார்த்தால் வீட்டை மகன் பெயரில் உயில் எழுதிவைத்திருந்தார். பெண்களுக்கு ஆளுக்கு ஒரு சுவர்க்கடிகாரம். கிண்டலுக்குச் சொல்லவில்லை, இன்னும் அது ஒரு மகள் வீட்டில் ஓடிக்கொண்டிருக்கிறது.

அம்மாவுக்குக் கல்யாணம் 1989 தை மாதம். தேர்தல் முடிந்து, பதின்மூன்று வருடத்துக்கு அப்புறம் கலைஞர் மறுபடி முதல்வராகியிருந்த நேரம், பந்தியில் அதுதான் பேச்சாம். அந்த அரசு கொண்டுவந்த சட்டம்தான் பூர்வீகச் சொத்தில் மகளுக்கும் மகனுக்குச் சமமாகப் பிறப்பாலேயே பங்கு என்றது. செங்கல்பட்டுத் தீர்மானம் சட்டமாக அறுபது வருடம் ஆகியிருக்கிறது. அமலுக்கு வந்த தேதி 1989 மார்ச் 25. அந்தத் தேதிக்கு முன்னால் கல்யாணமாகிப் போன மகள்களுக்குப் பொருந்தாது. அதாவது தையில் தாலி ஏறியவருக்கு இல்லை, வைகாசியில் கல்யாணமான பக்கத்து வீட்டு அக்காவுக்கு உண்டு. அம்மாவிடம் இதைச் சொன்னபோது, "அந்த வருஷம் மாசியில நல்ல நாளே இல்லைன்னுதான் தையில வெச்சாங்க" என்றார்.

அதற்கு முன்பு என்ன நிலைமை என்று கேட்டால் பெரிய கதை. சுதந்திரத்துக்குப் பின் இந்து சட்டத் தொகுப்பு மசோதாவை அம்பேத்கர் கொண்டுவந்தார். அதில் மகளுக்குப் பங்கு என்பதைத்தான் பலராலும் தாங்கிக்கொள்ள முடியவில்லை. இழுத்தடித்தார்கள். 1951-ல் அவர் அமைச்சர் பதவியை விட்டு விலகினார். 1956-ல் வந்த வாரிசுரிமைச் சட்டத்தில் அப்பாவின் சுயசம்பாத்தியத்தில் மகளுக்குச் சம பங்கு கிடைத்தது, அவர் உயில் எழுதாமல் போனால். பூர்வீகச் சொத்தில் மட்டும் ஆண்கள்தான் பங்காளிகள் என்ற பழைய ஏற்பாடு அப்படியே நின்றது. இன்னொரு வேடிக்கையும் உண்டு. குடும்பம் குடியிருக்கிற வீடாக இருந்தால், ஆண் வாரிசுகள் பிரித்துக்கொள்ளத் தயாராகும் வரை பெண் பாகம் கேட்க முடியாது என்று 23-வது பிரிவு சொன்னது. பங்கு இருக்கிறது, கேட்காதே. இது 2005-ல்தான் ஒழிந்தது. அதே 2005 திருத்தம்தான் கல்யாணம் ஆனவர், ஆகாதவர் என்ற வித்தியாசமில்லாமல் நாடு முழுக்க மகள்களைப் பங்காளிகளாக்கியது. அதிலும் திருத்தம் வந்த நாளில் அப்பா உயிரோடு இருந்திருக்க வேண்டுமா என்று பதினைந்து வருடம் வாதாடினார்கள். வேண்டியதில்லை என்று உச்ச நீதிமன்றம் 2020 ஆகஸ்டில் முடித்துவைத்தது.

எங்கள் தாத்தா இறந்தது 2011-ல், அதனால் எங்களுக்கு அந்தச் சிக்கல் இல்லை. என்னோடு படித்த வக்கீல் தோழி ஒருத்தி டீக்கடைப் பில்லின் பின்பக்கம் கணக்குப் போட்டுக் காட்டினாள். வீடு தாத்தாவும் சின்னத் தாத்தாவும் 1954-ல் பாகம் பிரித்துக்கொண்டதில் வந்தது, பூர்வீகம். பழைய கணக்கில் பங்காளிகள் மூன்று பேர்: தாத்தா, இரண்டு மாமாக்கள். ஆளுக்கு மூன்றில் ஒன்று. தாத்தா போனதும் அவருடைய மூன்றில் ஒன்றை மட்டும் எடுத்து அம்மாவின் அம்மாவான அம்மாயிக்கும் மூன்று பிள்ளைகளுக்குமாக நான்காகப் பிரிக்க வேண்டும். அப்புறம் 2023-ல் அம்மாயியும் போனதால் அவர் துண்டு மறுபடி மூன்றாகும். கூட்டினால் மாமாக்களுக்கு ஆளுக்கு ஒன்பதில் நான்கு, அம்மாவுக்கு ஒன்பதில் ஒன்று. "இது 2005-க்கு முந்தின கணக்கு. இப்போ உங்கம்மாவும் பங்காளி. மூணு பேருக்கும் சரிசமமா மூணுல ஒண்ணு" என்று வட்டம் போட்டாள்.

ஒன்பதில் ஒன்றை மூன்றில் ஒன்றாக்கத்தான் இத்தனை பேர் இத்தனை வருடம் பேசியிருக்கிறார்கள். அந்த மூன்றில் ஒன்று அம்மாவின் கையிலிருந்து போக அன்று இருபது நிமிடம் ஆயிற்று. ரேகை முதலிலேயே விழுந்திருந்தால் பத்து நிமிடம்தான். குடும்பத்துக்குள் விடுதலை என்றால் செலவும் குறைவு. கிரயத்துக்கு முத்திரைத் தீர்வை 7 சதவீதம், இதற்கு 1 சதவீதம், அதிலும் 40,000 ரூபாய்க்கு மேல் போகாது. குடும்பத்துக்கு உதவட்டும் என்ற நல்ல எண்ணத்தில் வைத்த சலுகைதான். அதை அதிகம் பயன்படுத்துவது யார் என்று பெஞ்சைப் பார்த்தாலே தெரிந்துவிடும்.

முந்தின நாள் ராத்திரி அம்மாவோடு பெரிய சண்டை. கையெழுத்துப் போடாதே என்றேன். போடுகிறதாக இருந்தாலும் பங்குக்கு உண்டான பணத்தை வாங்கிக்கொண்டு போடு என்றேன். "நீ சட்டத்தைப் பேசற. நான் அண்ணன் தம்பியைப் பேசறேன்" என்றார். எனக்குக் கோபம் வந்து சத்தம் போட்டேன். அவர் சத்தமே போடாமல் கேட்டார்: "உங்கப்பா மில்லு மூடி ஆறு மாசம் வீட்டுல உட்கார்ந்திருந்தப்போ அரிசி எங்கிருந்து வந்துச்சு?"

வந்தது எனக்கும் நினைவிருக்கிறது. பெரிய மாமா சைக்கிள் கேரியரில் மூட்டையைக் கட்டிக்கொண்டு இருட்டியபின் வருவார், தெருவில் யாரும் பார்க்கக் கூடாதென்று. வாசலில் இறக்கிவிட்டுத் தண்ணீர்கூடக் குடிக்காமல் போய்விடுவார். ஆறு மாதம், ஆறு மூட்டை. வீட்டின் இன்றைய விலையில் மூன்றில் ஒன்று எத்தனை மூட்டை அரிசி என்று மனசுக்குள் வகுத்துப் பார்த்தேன். வகுக்கும்போதே வெட்கமாக இருந்தது. வெட்கப்பட்டுக்கொண்டே வகுத்து முடித்தேன்.

பெண்களுக்குப் புத்தியில்லை, பாசத்தில் மயங்கிக் கையெழுத்துப் போட்டுவிடுகிறார்கள் என்று பேசுகிறவர்களை இப்போதெல்லாம் நான் நம்புவதில்லை. அம்மா போட்டது தெளிவான கணக்கு. பிறந்த வீடு என்பது ஒரு பெண்ணுக்கு இன்ஷூரன்ஸ். புருஷன் அடித்தால் போய் நிற்க ஒரு வாசல். மகளுக்குக் காது குத்தினால் மடியில் உட்காரவைக்க ஒரு தாய்மாமன். வயசுக்கு வந்தால் சீர்த்தட்டு, கல்யாணத்துக்குப் பட்டு, ஒருவேளை தாலி அறுந்தால் அன்றைக்குக் கோடி. இதெல்லாம் நிற்காமல் வர வேண்டுமென்றால் பிரீமியம் கட்ட வேண்டும், விடுதலைப் பத்திரம்தான் அந்தப் பிரீமியம். பங்கு கேட்டு வழக்குப் போட்ட ஓர் அத்தை எங்கள் சொந்தத்தில் உண்டு. ஜெயித்துவிட்டார். அவர் வீட்டு விசேஷத்தில் தாய்மாமன் இடத்தில் நிற்க ஆளில்லாமல் ஒன்றுவிட்ட தம்பியைக் கூப்பிட்டு நிறுத்தினார்கள். எல்லாரும் அதைத்தான் பேசினார்கள், அவர் ஜெயித்ததை யாரும் பேசவில்லை.

தமிழே இதில் நம்மைக் காட்டிக்கொடுக்கிறது. பிறந்த வீட்டில் ஆண் பங்காளி, பெண் விருந்தாளி. பங்காளிக்குப் பெண்பாலே கிடையாது.

சேலத்துக்கு ஒரு ராசி. பெண்களைக் காப்பாற்றுகிறோம் என்று எதையாவது ஆரம்பித்தால் முதலில் இங்கேதான் சோதித்துப் பார்ப்பார்கள். 1937 அக்டோபரில் ராஜாஜி மதுவிலக்கை முதலில் கொண்டுவந்தது சேலம் மாவட்டத்தில். 1992-ல் தொட்டில் குழந்தைத் திட்டம் தொடங்கியதும் இங்கேதான். பெண் குழந்தை வேண்டாமென்றால் கொல்லாதீர்கள், தொட்டிலில் போட்டுவிட்டுப் போங்கள், அரசு வளர்க்கும். அப்படி ஒரு திட்டம் போடும் அளவுக்கு இந்த மாவட்டம் கள்ளிப்பாலுக்குப் பேர் வாங்கியிருந்தது. என் தங்கை பிறந்தது 1993-ல். இரண்டாவதும் பெண் என்று தெரிந்ததும் பக்கத்துக் கட்டில்காரியின் மாமியார், "ரெண்டும் பொட்டையா? தொட்டில் வெச்சிருக்காங்களே" என்றாராம், ஏதோ பஸ் ஸ்டாண்டில் இலவசக் கழிப்பறை இருக்கிறது என்பது போல. அம்மா இதை இன்றைக்கும் சிரித்துக்கொண்டேதான் சொல்வார். சிரிப்பு முடிந்ததும் தங்கைக்குப் போன் போடுவார்.

2001 கணக்கெடுப்பில் சேலம் மாவட்டத்தில் ஆறு வயது வரையுள்ள 1000 ஆண் குழந்தைகளுக்குப் பெண் குழந்தைகள் 851. அதில் ஸ்கேன் செய்து கலைத்ததும் சேர்த்தி. 1994-லேயே கருவின் பாலினத்தைப் பார்க்கத் தடைச் சட்டம் வந்துவிட்டது, இருந்தும். 2011-ல் எண்ணிக்கை 900-ஐத் தாண்டியது. ஏன் கொன்றார்கள் என்பதற்கு வரதட்சணை என்று ஒரே வார்த்தையில் பதில் சொல்வார்கள். நான் அதைக் கொஞ்சம் நீட்டிச் சொல்வேன்: சொத்தில் பங்கு இல்லாத, சொத்தைக் கரைக்க மட்டுமே வருகிற ஓர் ஆளாக மகளைக் கணக்கெழுதிவைத்த வீடுகளில் அது நடந்தது. நிலம் வைத்திருப்பவர்களும் செய்தார்கள். வறுமை மட்டுமே காரணம் என்பது எனக்கு ஒட்டவில்லை.

இனி மலைக்கு வருகிறேன். ஏற்காடு மற்றவர்களுக்கு ஏரியும் கோடை விழாவும். எனக்கு வேலைக்குப் போகும் வழி. அடிவாரத்திலிருந்து இருபது கொண்டை ஊசி வளைவு, மேலே போய் இன்னொரு பஸ், அப்புறம் ஒரு கிலோமீட்டர் நடை. சில்வர் ஓக் மரமெல்லாம் மிளகுக்கொடி, கீழே காப்பிச் செடி. சேர்வராயன் மலையின் மலையாளிப் பழங்குடிப் பிள்ளைகள்தான் என் வகுப்பில் பாதிக்கு மேல். சத்துணவு சமைக்கிற அக்காவும் அவர்களில் ஒருவர். என்னைவிடப் பத்து வயது பெரியவர், ஆனாலும் "டீச்சர், வாங்க போங்க" தான்.

அம்மாவின் விஷயத்தில் தோற்றுவிட்ட ஆத்திரமோ என்னவோ, அந்த மாதம் அக்காவிடம் வீராவேசமாகப் பேசினேன். உங்கள் அப்பா நிலத்தில் உங்களுக்கும் அண்ணனுக்குச் சமமாகப் பங்கு உண்டு, 2005-லேயே சட்டம் வந்தாயிற்று, தைரியமாகக் கேளுங்கள் என்றேன். அவர் முட்டை உரித்துக்கொண்டே கேட்டுக்கொண்டார். பத்து நாள் கழித்து வந்து சொன்னார்: "கேட்டேன் டீச்சர். எங்கண்ணன் கீழ போய் வக்கீல் ஒருத்தரை விசாரிச்சுட்டு வந்துருச்சு. எங்களுக்கு அந்தச் சட்டம் இல்லையாமே?"

எனக்கு முகம் எரிந்தது. தோழிக்குப் போன் செய்தேன். அவள் உச்சுக்கொட்டினாள். 1956 சட்டத்தின் 2-வது பிரிவிலேயே எழுதியிருக்கிறது: மத்திய அரசு தனியாக அறிவிக்கை வெளியிட்டாலொழியப் பட்டியல் பழங்குடியினருக்கு இது பொருந்தாது. அவர்கள் வழக்கத்தில் தலையிடக் கூடாது என்ற எண்ணம். 2005-ல் திருத்தியபோதும் அந்த வரியைத் தொடவில்லை. வழக்கம் யாருடையது, அதைச் சொல்கிறவர் யார் என்று கேட்டால் பெரும்பாலும் அண்ணன்மார்தான். 2023-ல் சென்னை உயர் நீதிமன்றம் ஒரு வழக்கில் பழங்குடிப் பெண்களுக்கும் சம பங்கு உண்டு என்று சொல்லி, அறிவிக்கை வெளியிட வைக்கும்படி மாநில அரசையும் கேட்டுக்கொண்டது. ஆகவே வழக்குப் போட்டால் நிற்க வாய்ப்பிருக்கிறது என்றாள் தோழி.

அக்காவிடம் போய், நான் தெரியாமல் சொல்லிவிட்டேன், மன்னித்துக்கொள்ளுங்கள் என்றேன். அதோடு இந்தத் தீர்ப்பையும் சொன்னேன். "பரவால்ல டீச்சர்" என்றார். பிறகு கார்த்திகையில் பழம் எடுக்கிற சீசன் வந்தது. ஒரு சனிக்கிழமை எங்கே போகிறீர்கள் என்று கேட்டேன். "எங்கண்ணன் தோட்டத்துக்குத்தான். பழம் எடுக்க. கூலி குடுத்துரும்" என்றார். அவர் அண்ணன் தோட்டம் என்று சொன்னது அவர் அப்பாவின் தோட்டம்தான். சிறு வயதில் அந்தச் செடிகளுக்குக் குழி வெட்டியதில் தானும் உண்டு என்று வேறொரு நாள் சொல்லியிருக்கிறார்.

செங்கல்பட்டிலிருந்து கிளம்பிய ஒரு தீர்மானம் சேலத்துக்கு வர அறுபது வருடம். சேலத்திலிருந்து அடிவாரம் தாண்டி மேலே வர இன்னும் எத்தனையோ. கீழே இருக்கும் நாங்கள் பெண்கள் என்று பொதுவாகச் சொல்லும்போது அதில் மலையில் இருப்பவர் சேர்ந்திருக்கிறாரா என்று நான் யோசித்ததே இல்லை. என் வகுப்பிலேயே சமைத்துப் போடுகிறவரை மறந்துவிட்டுத்தான் சட்டம் பேசியிருக்கிறேன்.

இனிமேல் என்ன என்று கேட்டால், எனக்குப் பெரிய மேடைகளில் அவ்வளவு நம்பிக்கை இல்லை. நாடாளுமன்றத்திலும் சட்டமன்றங்களிலும் மூன்றில் ஒரு பங்கு என்று 2023-ல் அரசியல் சட்டத்தைத் திருத்தினார்கள், ஆனால் மக்கள்தொகைக் கணக்கெடுப்பும் தொகுதி மறுவரையறையும் முடிந்த பின்தான் என்று கூடவே ஒரு பூட்டும் போட்டார்கள். அங்கேயும் மூன்றில் ஒன்று, அங்கேயும் காத்திரு. மாநில அரசு கொடுக்கும் மாதம் 1,000 ரூபாயை நான் குறைத்துப் பேச மாட்டேன். அதற்கு உதவித்தொகை என்று பேர் வைக்காமல் உரிமைத்தொகை என்று வைத்தது எனக்குப் பிடித்திருக்கிறது. டவுன் பஸ்ஸில் டிக்கெட் இல்லை என்றானபின் அம்மா தன்னந்தனியாகச் சுற்ற ஆரம்பித்தார், பதிவு அலுவலகத்துக்குக்கூட அந்த பஸ்ஸில்தான் போனோம். 2025 ஏப்ரலிலிருந்து 10 லட்சம் ரூபாய் வரையுள்ள சொத்தைப் பெண் பெயரில் பதிந்தால் பதிவுக் கட்டணத்தில் 1 சதவீதம் குறைவு. நல்லதுதான். வாங்கும்போது அவள் பெயரில் போட ஒரு சலுகை, பெற்றதை அவளிடமிருந்து எழுதி வாங்க இன்னொரு சலுகை. இரண்டும் ஒரே கவுண்டரில்.

என்னை உட்கார வைத்து யோசிக்க வைத்தது 2023 ஜூனில் வந்த இன்னொரு தீர்ப்பு. அதுவும் சென்னை உயர் நீதிமன்றம்தான். கணவன் வெளியே சம்பாதித்து வாங்கிய சொத்தில் வீட்டைப் பார்த்துக்கொண்ட மனைவிக்கும் சம பங்கு உண்டு, அவள் உழைக்காமல் அவன் சம்பாதித்திருக்க முடியாது என்றது. தறி ஓட்டியவரும் தார் சுற்றியவரும் சேர்ந்து நெய்த சேலை என்று ஒரு நீதிபதி ஒப்புக்கொண்டது போல இருந்தது. 2019-ல் அரசே எடுத்த நேரப் பயன்பாட்டுக் கணக்கில் வீட்டுவேலையில் ஈடுபடும் பெண்கள் நாளொன்றுக்கு 299 நிமிடம் அதில் செலவிடுகிறார்கள், ஆண்கள் 97. ஐஸ்லாந்தில் 1975 அக்டோபர் 24 அன்று பத்தில் ஒன்பது பெண்கள் வேலையையும் வீட்டுவேலையையும் போட்டுவிட்டு வெளியே வந்துவிட்டார்கள். அம்மாபேட்டையில் ஒரு நாள் யாரும் தார் சுற்றவில்லை என்றால் எப்படி இருக்கும் என்று கற்பனை செய்து பார்ப்பேன். மத்தியானத்துக்குள் தெரு அமைதியாகிவிடும்.

எனக்கு ஒரு சின்ன ஆசைதான். விடுதலை எழுதிக் கொடுக்க வருகிற பெண்ணைப் பதிவு அலுவலகத்தில் ஐந்து நிமிடம் தனியாக உட்காரவைத்து, அண்ணன் தம்பி காதில் விழாத இடத்தில், இந்தப் பங்கின் விலை இவ்வளவு, விட்டுக்கொடுக்கச் சம்மதமா என்று கேட்க வேண்டும். இப்போதும் சம்மதமா என்று கேட்கிறார்கள். கேட்கும்போது மாமா இரண்டு பேரும் தோளுக்குப் பின்னால் நிற்கிறார்கள். அம்மா தனியாகக் கேட்டிருந்தாலும் சம்மதம் என்றுதான் சொல்லியிருப்பார், அது எனக்குத் தெரியும். அந்தப் பாட்டி என்ன சொல்லியிருப்பார் என்று தெரியாது.

கையெழுத்து முடிந்ததும் மாமாக்கள் அம்மாவுக்கு ஒரு பட்டுச்சேலையும், எனக்கும் தங்கைக்கும் செவ்வாய்ப்பேட்டையில் வாங்கிய கொலுசும் கொடுத்தார்கள். மதியம் ஓட்டலில் சாப்பாடு. சின்ன மாமா என் இலையில் இன்னொரு வடை வைக்கச் சொன்னார். எனக்கு அவர்கள்மீது கோபமே வரவில்லை, அதுதான் எனக்கே எரிச்சலாக இருந்தது.

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை அம்மா பீரோவிலிருந்து மஞ்சப்பையை எடுத்துவந்தார். உள்ளே பத்திரத்தின் நகல். "கண்ணாடி எங்கேயோ வெச்சுட்டேன். அன்னிக்கு அவசரத்துல நான் படிக்கவே இல்ல. நீ படி" என்றார். படித்தேன். யாருடைய தூண்டுதலும் வற்புறுத்தலும் இல்லாமல், மனப்பூர்வமாக, பிரிபடாத மூன்றில் ஒரு பங்கை விடுதலை செய்து கொடுப்பதாக இருந்தது. "இனிமேல் மேற்படி சொத்தில் எனக்கும் என் வாரிசுகளுக்கும் எவ்வித உரிமையும் பாத்தியமும் இல்லை" என்ற இடத்தில் அம்மா கையைக் காட்டி நிறுத்தினார்.

"வாரிசுன்னா?"

"நானும் தங்கச்சியும்மா."

கொஞ்ச நேரம் எதுவும் பேசவில்லை. "நான் எனக்கு மட்டும்னுதானே நெனச்சேன்" என்றார். மறுபடி அந்த வரியைப் படிக்கச் சொன்னார், படித்தேன். அப்புறம் காகிதத்தை என் கையிலிருந்து வாங்கி, கண்ணாடி இல்லாததால் கையை முழுக்க நீட்டி எட்டப் பிடித்துக்கொண்டு, கீழே அச்சாகியிருந்த கட்டைவிரல் ரேகையைத் தேடிப் பார்த்தார்.

"சரியாவே விழல, பாரு" என்றார்.